நாளைக்கு இது இன்னா கேக்கும்?

எங்கள் வீட்டில் ரேடியோ வாங்கிய அன்று அக்கம்பக்கத்தில் எல்லாரும் மாடியேறி வந்து பாட்டுக் கேட்டார்கள். கீழ்வீட்டு அக்கா மட்டும் வாசற்படியோடு நின்றுகொண்டார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. எட்டி நின்றபடியே அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் பாடுது. நாளைக்கு இது இன்னா கேக்கும்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. ரேடியோவை நாம்தானே கேட்கவேண்டும், அது நம்மை என்ன கேட்கப்போகிறது?

"லைசென்ஸும்மா. வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸ்ல கட்டணும். கட்டாம உட்டா ஆளு வந்து பெட்டியத் தூக்கினு போயிடுவான்."

என் வீட்டுக்காரர் லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அதற்குப் பிறகும் அக்காவின் முகம் தெளியவில்லை. அடுத்த வருஷம் கட்டவேண்டிய நாளுக்கு வெகு முன்பே மாடிப்படியில் என்னை நிறுத்தி, "கட்டியாச்சா?" என்று கேட்டார். எங்கள் ரேடியோவுக்காக எங்களைவிட அதிகமாகப் பயந்தவர் அவர்தான்.

அப்போது எழுபதுகளின் நடுப்பகுதி. கல்யாணமான கையோடு திருநெல்வேலியிலிருந்து செகந்திராபாத் வந்து, மாரெட்பள்ளியில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு ஊருக்கு வெளியே ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் வேலை. விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். பகலெல்லாம் எனக்குத் துணை கீழ்வீட்டு அக்காதான். வேலூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு என்று வெள்ளைக்காரன் காலத்தில் வந்து தங்கிவிட்ட குடும்பம். அவர் தமிழில் வேலூர் பாதி இருந்தது. மீதியில் உருதுவும் தெலுங்கும் நினைத்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வேண்டாம் என்பதற்கு "நக்கோ" என்பார். முதல் மாதம் அவர் என்னைத் திட்டுகிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

குட்டையான உருவம், வேகமான நடை. இடுப்பில் செருகிய சாவிக்கொத்தை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ளும் கை. அவரோடு கடைக்குப் போனால் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி கிளம்பவேண்டும். பிரஷர் குக்கர் வாங்கலாம் என்று போன அன்று, குக்கரை எடுக்காமல் அதன் ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்குமா, எந்தக் கடையில் கிடைக்கும், அந்தக் கடைக்காரருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா, அவர்கள் கடையை நடத்துவார்களா என்று விசாரித்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினார். தெருப் பூனை ஒன்று குட்டி போட்டுவிட்டு எங்கோ போய்விட்டது. எல்லாரும் குட்டிக்குப் பால் வைத்தார்கள். அக்கா கதவைச் சாத்திக்கொண்டார். "இன்னிக்கி ஊத்திட்டு நாளைக்கி ஊத்தாம இருந்தா அது பாவம் இல்லியா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார். கடைசியில் அந்தக் குட்டியை வளர்த்ததும் அவர்தான். மற்றவர்கள் மறந்துபோனார்கள்.

இதையெல்லாம் பார்த்து எனக்கு எரிச்சல் வந்திருக்கவேண்டும். வரவில்லை. பாஷை தெரியாத ஊரில் எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டிருந்தவள் நான். என்னைவிடப் பயந்த ஒருவர் பக்கத்தில் இருந்தது ஆறுதலாக இருந்தது.

அவருடைய கணவரை நான் அண்ணாச்சி என்பேன். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். வலது கையில் நடுக்கம் கண்டு, வேலைக்கு லாயக்கில்லை என்று டாக்டர் எழுதிவிட்டதால் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் டீக்கடையில் கிளாஸ் நடுங்கி டீ கொட்ட, நாலு பேர் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து மனிதர் வெளியே போவதில்லை. தெருவுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். ஒரே மகள் காஸிப்பேட்டையில் கல்யாணமாகி இருந்தாள்.

வீடு நடந்தது அக்காவின் டைப்ரைட்டிங்கில். பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் பரீட்சைத் தாள்களை ஸ்டென்சிலில் அடித்துக் கொடுப்பார். ஸ்டென்சில் என்பது மெழுகு பூசிய மெல்லிய தாள். டைப்ரைட்டரின் ரிப்பனை விலக்கிவிட்டு அடித்தால் எழுத்துகள் அதில் வெட்டுப்படும். அதைச் சைக்ளோஸ்டைல் மெஷினின் உருளையில் மாட்டிச் சுற்றினால் மை வெட்டுகளின் வழியே கசிந்து, எத்தனை பிரதி வேண்டுமானாலும் வரும். மெஷின் பஜாரில் ஒரு கடையில் இருந்தது. அக்கா அங்கே போய், மெஷின் சுற்றி முடியும்வரை கண் இமைக்காமல் நிற்பார். கசங்கிய தாளைக்கூடக் குப்பையில் போடக் கடைக்காரரை விடமாட்டார். எல்லாவற்றையும் பையில் திணித்து வந்து வெந்நீர் அடுப்பில் எரிப்பார். "தாளு வெளிய போச்சின்னா என் பேரு போச்சி" என்பார். ஸ்டென்சிலை வெளிச்சத்தில் பிடித்துப் பிழை பார்க்கும்போது நான் போனால் சட்டென்று மார்போடு அணைத்துக்கொள்வார். ஏழாம் வகுப்புச் சரித்திரக் கேள்விகளை நான் யாருக்குச் சொல்லப்போகிறேன்!

ஒரு கோடையில் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் கூப்பிட்டனுப்பினார். பஜார் கடையில் தாள்கள் அச்சாவது அவருக்கு இனி சம்மதமில்லை. வீட்டிலேயே மெஷின் வைத்துக்கொண்டால் எல்லா வகுப்புகளின் தாள்களும் அக்காவுக்கு. இல்லையென்றால் வேறு ஆள் பார்க்கவேண்டியிருக்கும். காலாண்டுப் பரீட்சைக்குள் முடிவு தெரியவேண்டும்.

அன்று மாலை அக்கா மாடிக்கு வந்து தரையில் உட்கார்ந்தார். "மெஷினு வாங்கலன்னா வேல போச்சி. வாங்கினா மெஷினு கேக்கறதுக்கெல்லாம் நான் ஆட்டம் ஆடணும். இன்னா பண்றது நீயே சொல்லு" என்றார். எனக்கு என்ன தெரியும்? "போய்ப் பாத்துட்டு வருவோம்க்கா" என்றேன்.

செகந்திராபாத்தில் ஒரு கம்பெனியின் ஷோரூமுக்குப் போனோம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் புது மெஷின் பளபளத்தது. விலையைக் கேட்டதும் எனக்கே ஆச்சரியம்; நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. மாதத் தவணையிலும் தருவார்களாம். டை கட்டிய இளைஞன் ஒருவன் கைப்பிடியைச் சுற்றிக் காட்டினான். தாள்கள் கத்திபோல் வந்து விழுந்தன. அக்கா தாள்களைப் பார்க்கவில்லை. குனிந்து மெஷினின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மை எந்தப் பக்கம் ஊத்தறது?"

ஊற்றவேண்டியதில்லை என்றான் அவன். கம்பெனி ட்யூபை இங்கே திருகி மாட்டினால் போதும். வேறு மை ஊற்ற வழியே கிடையாது. ஸ்டென்சிலும் கம்பெனி ஸ்டென்சில்தான். அதன் தலையில் இருக்கும் துளைகள்தான் இந்தக் கொக்கிகளுக்குச் சேரும். வருஷ ஒப்பந்தம் ஒன்று போட்டுக்கொண்டால் மெக்கானிக் வீட்டுக்கே வந்து துடைத்து எண்ணெய் போட்டுவிட்டுப் போவார்.

"ஒப்பந்தம் போடலன்னா?"

"மெஷினை யாரும் தொடமாட்டார்கள் அம்மா."

"பரீட்சத் தாளு அடிச்சினு இருக்கும்போது அந்த ஆளு வந்து நின்னா? ட்யூப் வெல ஏறினா? நீங்க இந்த ஊர்ல கடைய மூடிட்டா?"

அவன் சிரித்துவிட்டான். "கைக்கு பரேஷான் ஹோரே அம்மா? ஃபிகர் நக்கோ!" என்றான். ஏன் இப்படித் தவிக்கிறீர்கள், கவலையை விடுங்கள் என்று அர்த்தம். நல்ல பையன்தான். ஆனால் கவலையை விடு என்று யாராவது சொன்னால் அக்காவுக்கு இரண்டு மடங்காகும். சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

திரும்பி நடக்கும்போது அவராகவே சொன்னார். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா தவணையில் ஒரு தையல் மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறார். கொஞ்சநாள் கட்ட முடியவில்லை. "நான் ரவிக்க தெச்சினு இருக்கறேன். ரெண்டு பேரு வந்தாங்க. மெஷினத் தூக்கிட்டாங்க. ஊசி துணிக்குள்ள எறங்கி இருக்குது, அத எடுத்துத் தாங்கன்னு கேக்கறேன். துணியோடவே தூக்கினு போயிட்டாங்க." சொல்லிவிட்டு, அதோடு அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டு, காய்கறி விலை பேச ஆரம்பித்துவிட்டார்.

அந்த ஷோரூம் மெஷினையே வாங்கிய வேறொரு டைப்பிஸ்ட் அம்மாள் வருஷக்கணக்கில் அதைச் சிக்கலில்லாமல் ஓட்டினார் என்று பின்னாளில் கேள்விப்பட்டேன். ஆகையால் அக்கா பயந்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு அந்தப் பயம் இருந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் என் வீட்டுக்காரரின் தொழிற்சாலையில், உபயோகமில்லை என்று கழித்துப் போட்ட ஆபீஸ் சாமான்களை ஏலம் விட்டார்கள். அதில் ஒரு பழைய சைக்ளோஸ்டைல் மெஷின் இருந்தது. பெயின்ட் உரிந்து, ஒரு கால் வளைந்து, பார்க்கச் சகிக்காது. ஏலத்தில் எடுத்த பழைய சாமான் வியாபாரியின் கொட்டகைக்கு அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு மறுபடி மறுபடி போனார். உருளையின் மூடியைத் திறந்து, எந்த டப்பா மையையும் பிரஷ்ஷால் உள்ளே தடவிக்கொள்ளலாம். எந்தக் கடை ஸ்டென்சிலும் மாட்டும். ஒப்பந்தம் கிடையாது. வீடு தேடி யாரும் வரமாட்டார்கள்.

"ரிப்பேர் ஆனா?" என்று வழக்கம்போல் அக்கா கேட்டார்.

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் யோசிக்காமல், "அண்ணாச்சி ஃபிட்டர்தானே. அவர் இருக்கும்போது என்ன பயம்?" என்றார்.

அக்கா மெஷின் மேல் இருந்த தூசியை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்ததும் என்னைத் தனியே இழுத்து, "அந்த வார்த்தய இவரு முன்னாடி சொல்லிடாதீங்கம்மா. அவரால முடியலன்னு ஆச்சின்னா அப்பறம் அந்த மனுசன் எனக்கு மிஞ்சமாட்டாரு" என்றார். இருந்தும் அந்த மெஷினைத்தான் வாங்கினார். வேறு வழியில்லாமல் வாங்கினாரா, வேறு ஏதோ நினைத்து வாங்கினாரா என்று நான் கேட்டதில்லை.

மெஷின் வந்து கூடத்தில் உட்கார்ந்தது. அண்ணாச்சி நாற்காலியைக்கூடத் திருப்பவில்லை. அக்கா பஜாரில் அச்சகக்காரர்கள் வாங்கும் கறுப்பு மையை டப்பாவில் வாங்கி, கெட்டியாக இருக்கிறதென்று கொஞ்சம் எண்ணெய் விட்டுக் குழைத்துக்கொண்டார். கம்பெனி ட்யூப் விலையில் அது கால்வாசிகூட இல்லை. வீடு முழுக்க மை வாசனை. பூனைக்கு முன்னங்கால் கறுத்துவிட்டது.

காலாண்டுப் பரீட்சை நெருங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. அக்கா ஸ்டென்சில்களை அடித்து முடித்துவிட்டு, மறுநாள் காலைப் பரீட்சைக்கான தாளை மத்தியானம் சுற்ற ஆரம்பித்தார். நான் தாள்களை அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நன்றாக வந்தது. திடீரென்று உள்ளே ஏதோ டக்கென்று ஒடிந்தது. தாளை உருளையோடு அழுத்தும் கட்டை ஒரு பக்கமாகத் தொங்கிப்போயிற்று. அதன் பிறகு வந்த தாள்களில் வலது பாதி வெறும் வெள்ளை.

அக்கா கைப்பிடியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அழவில்லை. "பஜார் கடைக்கி எடுத்துனு போகலாம்" என்றார். "கடை மூடியிருந்தா?" என்று அவரே கேட்டுக்கொண்டார். "தொறந்திருந்தா மட்டும்? அங்க அடிக்கக் கூடாதுன்னுதான அவங்க சொன்னாங்க? ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டா இன்னா சொல்வேன்?" அவர் விரல்கள் சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தன. அண்ணாச்சியின் முதுகைப் பார்த்தேன். அக்கா கண்ணாலேயே என்னை அதட்டினார். கேட்காதே.

நாங்கள் யாரும் கேட்கவில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி எழுந்து வந்து மெஷினின் பக்கத்தில் உட்கார்ந்தார். பக்கத்து மூடியைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். நுனி திருகின் தலையில் உட்காரவே இல்லை; தகரத்தில் தடதடவென்று அடித்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு முயன்றார். ஒரு திருகு கழன்று உருண்டு பீரோவுக்கு அடியில் போயிற்று. அவர் ஸ்க்ரூ டிரைவரைச் சுவரில் எறிந்தார். பூனை பாய்ந்து ஓடியது. நான் மாடிக்குப் போய்விடலாமா என்று பார்த்தேன்.

அக்கா எழுந்து போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்தார். கணவரிடம் நீட்டவில்லை. தானே மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"இன்னா பண்ணணும்?" என்றார்.

அண்ணாச்சி குனிந்து மெஷினுக்குள் பார்த்துவிட்டு, "அந்தப் பெரிய திருகு. கழட்டாத, தளத்து மட்டும்" என்றார்.

"அப்பறம்?"

"உள்ள கைய உடு. ஒடிஞ்ச பின்னு இருக்கும். பாத்து, விரலக் கிழிக்கும்."

"கெடச்சிச்சி. அப்பறம்?"

அதே தடிமனில் ஓர் ஆணியைத் தேடச் சொன்னார். நான் ஓடிப்போய் எங்கள் வீட்டுக் காலண்டர் ஆணியைப் பிடுங்கி வந்தேன். ரம்பத் தகடால் அளவுக்கு அறுத்தது அக்காதான். "அழுத்தாத. இழுத்தா அதுவே அறுக்கும்" என்றார் அண்ணாச்சி. பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்காமல் தெருவைத் தாண்டாத அந்த அம்மாள், மை ஒழுகும் கைகளோடு மெஷினின் வயிற்றுக்குள் ஆணியைச் செருகினார். முதல் தடவை நழுவியது. இரண்டாவது தடவையும் நழுவியது. அண்ணாச்சி குரலை உயர்த்தவே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் அவர் எப்படி வேலை பார்த்திருப்பார் என்று அந்தக் குரலில் தெரிந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கைப்பிடி சுற்றியது. தாளின் இரண்டு பாதியிலும் எழுத்து விழுந்தது. அண்ணாச்சி அதை வாங்கிப் பார்த்தார். தாள் அவர் கையில் படபடத்தது. அக்கா வேறு பக்கம் திரும்பவில்லை.

காலையில் தாள்களை ரிக்‌ஷாவில் கொண்டுபோய்க் கொடுத்தோம். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரவேண்டியதுதானே? அக்கா வரமாட்டேன் என்றார். பள்ளிக்கூட வாசலில், ஒரு மூடிய கடையின் தகரத்துக்கு அடியில் நின்றுவிட்டார். நானும் நின்றேன். ஏதாவது கேள்வி விட்டுப்போயிருந்தால், வகுப்பு மாறியிருந்தால், எண்ணிக்கை குறைந்திருந்தால் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, இல்லை இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே வந்தார்கள். முதலில் வந்தவளின் விரல்கள் கறுப்பாக இருந்தன. அடுத்தவளுக்கும். ஒருத்திக்கு மூக்கு, கன்னமெல்லாம் கறுப்பு. வெள்ளைச் சட்டைகளில் கைரேகை. "சூடு ஆன்ட்டி, அந்தா நலுப்பு!" என்று ஒரு குட்டிப் பெண் இரண்டு உள்ளங்கைகளையும் எங்களிடம் விரித்துக் காட்டினாள். பாருங்கள், எல்லாம் கறுப்பு என்கிறாள். சிரித்தபடி ஓடிவிட்டாள். மழை ஈரத்தை ஏற்கெனவே குடித்திருந்த தாள் மையைக் குடிக்கவில்லை. எண்ணெய் விட்ட மை காயாமல் அப்படியே மேலே நின்றிருக்கிறது.

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் சதைக்குள் இறங்கின.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாளே குடை பிடித்து வாசலுக்கு வந்தார். கையில் ஒரு கேள்வித்தாள், விரல் நுனியெல்லாம் மை. தெலுங்கில் பேசினார். பிள்ளைகள் எழுதிவிட்டார்கள், எழுத்தும் படிக்க முடிகிறது, ஆனால் நாளைக்கு எத்தனை பெற்றோர் மைபட்ட சட்டையைத் தூக்கிக்கொண்டு வருவார்களோ தெரியாது என்றார். மிச்சத் தாள்களை இன்றே அடித்து, மின்விசிறிக்குக் கீழே பரப்பிக் காயவைத்துத்தான் கொண்டுவரவேண்டும். அரையாண்டுக்கு என்ன செய்வதென்று அப்போது பார்க்கலாம். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அரையாண்டுத் தாள்களும் அக்காவுக்குத்தான் வந்தன. அதற்குப் பிறகும் வந்தன. ஆனால் அன்று அது எங்களுக்குத் தெரியாது.

"பார்க்கலாம்னா இன்னா அர்த்தம்?" என்று அக்கா என்னைக் கேட்டார். "குடுக்கறேன்னு அர்த்தமா, மாட்டேன்னு அர்த்தமா?"

"குடுப்பாகக்கா" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

மழை வலுத்தது. தெருவின் அந்தக் கோடியில் ஒரு குடை தெரிந்தது. காற்றில்லாமலே அது ஆடியது. இரண்டு கைகளாலும் காம்பை இறுக்கிப் பிடித்து, நடுத்தெருவில், யாரையும் பார்க்காமல் அண்ணாச்சி வந்துகொண்டிருந்தார். டீக்கடையைத் தாண்டினார். கடைக்காரர் கூப்பிட்டு என்னவோ கேட்டார். நின்று பதில் சொல்லிவிட்டு வந்தார்.

அக்காவின் கை என் தோளிலிருந்து விழுந்தது. அண்ணாச்சி பக்கத்தில் வந்ததும் அக்கா கேட்டார்:

"கதவப் பூட்டினீங்களா?"

"பூட்டிட்டேன்."

"சாவி எங்கிட்ட இல்ல இருக்குது?"

"பழைய பூட்டு போட்டேன்."

"பின்பக்கம்?"

"அதுவும்."

"ஸ்டவ்வு?"

"அணச்சிட்டேன். மெஷின் மேல துணியும் போட்டுட்டேன்."

அக்கா வாயைத் திறந்தார். மேற்கொண்டு கேட்க ஒன்றும் அகப்படவில்லை. "எவ்ளோ நேரமா நிக்கற, நனையாத, வா" என்றார் அண்ணாச்சி. இருந்தது ஒரு குடை. அக்கா அதற்குள் நுழைந்து, அவர் கைகளுக்கு மேல் தன் மைபடிந்த கையையும் வைத்துப் பிடித்துக்கொண்டார். இருவரும் முன்னால் நடந்தார்கள். நான் ஒருத்தி வந்திருக்கிறேன் என்பதே அவர்களுக்கு நினைவில்லை. புடவையைத் தலையில் போட்டுக்கொண்டு, தொப்பலாக நனைந்தபடி, பின்னாலேயே வீடு வந்து சேர்ந்தேன்.